நிறுத்துமிடமும் நீதியும்

சில திங்களுக்கு முன்னர், உயர்கல்விக் கூடம் புகும் நம் பிள்ளைகளைப் பாராட்டுதற்கென நடந்த விழா ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மேடையேறிய பெரியவர் ஒருவர், அறிவுரை என்னும் பெயரில் ஒரு சாட்டையைச் சொடுக்கினார். "நாங்கள் நடந்து போய்ப் படித்தோம். இன்றைய பிள்ளைகளுக்கோ வகுப்பறை வாசலிலேயே வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். படிக்க இடம் கேட்ட காலம் போய், வண்டிக்கு இடம் கேட்கும் காலம் வந்துவிட்டது!" என்றார். அவை கைதட்டி மகிழ்ந்தது. நானும் தட்டினேன்.

வீடு திரும்பும் வழியில்தான் என் கைதட்டல் எனக்கே உறுத்தத் தொடங்கியது. அதற்கு முந்திய வாரம் என் வீட்டுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் அமர்ந்து, தலை கவிழ்ந்திருந்த ஒரு மாணவனின் முகம் கண்முன் வந்து நின்றது. அவன் முன்னிலையில் அந்தப் பேச்சுக்குக் கைதட்ட என்னால் முடிந்திருக்குமா? முடிந்திராது. ஆகவே, அவையில் சொல்லத் தவறியதை இங்கே எழுதுகின்றேன். பெரியவர் பொறுத்தருள்க.

ஒரு மாணவன் கதை

அவன் என் பள்ளியில் ஆறாண்டு படித்தவன். தோட்டப்புறத்தில் பிறந்தவன். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்ட பிறகு, பட்டணத்தின் ஓரத்திலுள்ள மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அவனுடையது. தந்தை லாரி ஓட்டுகிறார். தாய் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். முட்டி மோதி ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றான். முதலாண்டு விடுதியில் கழிந்தது. இரண்டாம் ஆண்டில் விடுதியில் இடமில்லை என்றார்கள். வீட்டிலிருந்தே போய்வரலானான். காலை எட்டு மணி விரிவுரைக்கு இரண்டு பேருந்து மாறி, ஓர் இரயில் ஏறி, அதன் பின்னும் நடக்க வேண்டும். மாலையில் உணவகத்தில் பகுதிநேர வேலை; முடிந்து வெளியே வரும்போது கடைசிப் பேருந்து போயிருக்கும். எனவே தந்தையின் பழைய மோட்டார் சைக்கிள் அவனுக்குக் காலாயிற்று.

மாணவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடம் குன்றின் அடிவாரத்திலுள்ள ஒரு திறந்த வெளி. விரிவுரைக் கூடமோ குன்றின் மேலே. ஒரு நாள் தேர்வு, அடைமழை வேறு. நனைந்த உடையோடு தேர்வு எழுத வேண்டாமே என்று எண்ணி, கூடத்தின் படிக்கட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு ஓடினான். திரும்பி வந்தபோது சக்கரத்தில் சங்கிலி பூட்டியிருந்தது. தண்டம் 50 ரிங்கிட். அதற்கு முன்னரும் இருமுறை தண்டம் விழுந்து, கட்டாமல் நின்றிருந்தது. எல்லாவற்றையும் கட்டித் தீர்த்தாலன்றித் தேர்வு முடிவுச் சீட்டு கைக்கு வாராது என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் என்னிடம் பணம் கேட்க வரவில்லை. "ஐயா, ஒரு பருவம் படிப்பை ஒத்திவைத்துவிட்டு முழு நேரம் வேலைக்குப் போகலாமா என்று பார்க்கிறேன். உங்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று வந்தேன்," என்றான். ஒரு பருவம் என்று சொல்லி வெளியே போன பிள்ளைகள் பலரை நான் அறிவேன். திரும்பிப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அவன் செய்தது பிழையே. அதில் எனக்கு ஐயமில்லை. அவனிடமும் அதையே சொன்னேன். மறுவாரம் அவனோடு நானும் போய்ப் பாதுகாவல் அலுவலரைக் கண்டேன். அவர் அன்பாகவே பேசினார். "தலைமையாசிரியர் அவர்களே, நான் சங்கிலி போடாவிட்டால் நாளை அந்தப் படிக்கட்டின் கீழே நூறு வண்டி நிற்கும். தீப்பிடித்தால் பிள்ளைகள் எப்படி வெளியே வருவார்கள்?" என்று மலாய் மொழியில் கேட்டார். நியாயமான கேள்வி, மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. விடைபெற்று வெளியே வந்தபோது, அவருடைய மோட்டார் சைக்கிளும் கூரையற்ற வெளியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததைக் கண்டேன். கூரையின் கீழே, பெயர்ப் பலகைகளுக்கு முன்னால், கார்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தன. அவற்றுள் நான்கு இடங்கள் காலியாகவே கிடந்தன.

அந்த மாணவன் தவறு செய்தான். அந்த அலுவலர் கடமையைச் செய்தார். அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? காலியாய்க் கிடந்த அந்த நான்கு இடங்களில் இருக்கிறது என்பதே என் வாதம்.

"நாங்கள் நடந்தோம்"

இனி, பெரியவரின் வாதத்துக்கு வருவோம். அவர் நடந்தார் என்பது உண்மை. ஆனால் எங்கிருந்து எங்கே நடந்தார்? 1949-இல் சிங்கப்பூரில் நிறுவப்பெற்று, 1959-இல் கோலாலம்பூரில் ஒரு பிரிவு கண்டு, 1962-இல் தனித்து நிற்கத் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகம், நம் தலைமுறையின் கண்ணுக்குப் பல்கலைக்கழகம் என்பதன் உருவமாகவே விளங்கியது. அன்று இந்நாட்டுக்கு அதுவொன்றே பல்கலைக்கழகம். பயின்றோர் தொகை சிறிது. விடுதியிலிருந்து விரிவுரைக்கு நடந்தனர். இன்றோ நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் மட்டும் இருபது. கெடாவின் சிந்தோக்கில், தாய்லாந்து எல்லைக்கு அருகே, காடும் குன்றும் சூழ ஒன்று இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கு ஒன்றுக்கொன்று தொலைவில் இரண்டு வளாகங்கள் உள்ளன. இத்தகைய இடங்களில் "நடந்து போ" என்பது அறிவுரை ஆகாது.

இன்னுமொன்று. நடந்தவர்களுக்குப் பேருந்து இருந்தது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து போன பேருந்துகளை என் தலைமுறையும் அறியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்தபோது, மக்கள் பட்டண ஓரங்களில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டனர். வீடு கிடைத்தது, பேருந்து கிடைக்கவில்லை. அங்கே மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று. வேலைக்கும் மருத்துவமனைக்கும் கடைக்கும் அதுவே துணை.

தலைநகரில் இரயில் ஓடுகிறதே என்பார்கள். ஓடுகிறது, மகிழ்ச்சி. 1998-இல் இலகு இரயில் வந்தபோது "யுனிவர்சிட்டி" என்னும் பெயரிலேயே ஒரு நிலையம் எழுந்தது. ஆயினும் அந்நிலையம் நிற்பது கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில்; வளாகத்தின் நடுவே அன்று. இரயிலை விட்டு இறங்கிய பின்னரும் பேருந்துக்குக் காத்திருத்தல் வேண்டும். அருகே எழுந்த வணிகக் கட்டடத்தின் பெயர், இப்பொழுது பல்கலைக்கழகத்தின் பெயருக்கு முன்னால் ஏறி அமர்ந்துகொண்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிலையத்துக்கும் வகுப்பறைக்கும் இடையிலுள்ள அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை யார் கடத்திவிடுவார் என்பதே கேள்வி. மாதம் 50 ரிங்கிட் செலுத்திக் கிள்ளான் பள்ளத்தாக்கின் இரயிலிலும் பேருந்திலும் எத்தனை முறையும் பயணம் செய்யலாம் என்னும் வசதி இன்று உண்டு, பாராட்டுதற்குரியது. ஆனால் பேருந்தே போகாத இடத்தில் குடியிருப்பவனுக்கு அந்தச் சீட்டினால் என்ன பயன்?

இரண்டு தேர்கள்

நம் முன்னோர் நமக்கு இரண்டு தேர்களின் கதையை விட்டுச் சென்றிருக்கின்றனர். ஒன்று பறம்பு மலைப் பாரியின் தேர். மற்றொன்று திருவாரூர் மனுநீதிச் சோழன் மகனின் தேர். இவ்விரண்டையும் என் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டு கற்பித்திருக்கிறேன். வாகன நிறுத்துமிடத்தைப் பற்றி எழுதும்போது அவை இவ்வளவு பொருத்தமாக வந்து நிற்கும் என்று எண்ணியதில்லை.

பாரி தன் தேரை முல்லைக்கு அருகே நிறுத்தினான். பற்றிப் படரக் கொம்பின்றி வாடிய கொடிக்குத் தேரையே கொடுத்துவிட்டு நடந்து போனான். யாருக்குத் தேவை மிகுதியோ அவருக்கே இடம் என்பது அந்தத் தேர் சொல்லும் பாடம். சோழ இளவரசனின் தேரோ ஒரு கன்றை அரைத்துவிட்டது. பசு மணியை அடித்தது. மன்னன் தன் மகன் என்றும் பாராது நீதி வழங்கினான். தேரோட்டி யாராயினும் சட்டம் ஒன்றே என்பது இந்தத் தேர் சொல்லும் பாடம்.

இப்பொழுது நம் வளாகங்களைப் பார்ப்போம். அங்கே இடம் தேவையை நோக்கி வழங்கப்படுவதில்லை. பதவியை நோக்கி வழங்கப்படுகிறது. துணைவேந்தர், புலத்தலைவர், பேராசிரியர், அலுவலர் என்று படி இறங்கி வந்து, கடைசிப் படியில், கூரை முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில், மாணவன் நிற்கிறான். அவனுள்ளும் காருடையவன் சற்று மேலே, மோட்டார் சைக்கிளுடையவன் இன்னும் கீழே. சட்டமும் அப்படியே. மாணவனின் வண்டி கோட்டைத் தாண்டினால் சங்கிலி. பெரியவரின் கார் நடைபாதையில் ஏறி நின்றால் ஒரு புன்னகை. நான் கண்டதையே சொல்கிறேன்.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற பேராசிரியர்களுக்கென்றே தனி நிறுத்துமிடங்கள் ஒதுக்கப்பட்டுப் பலகையும் நடப்பட்டிருக்கிறது. உலகம் போற்றும் அறிஞருக்கு அளிக்கும் தனிமரியாதை ஒரு கார் நிறுத்தும் இடம் என்றால், வளாகத்தில் அவ்விடம் எத்துணை அரியது என்பது விளங்கும். அரிய பொருளைப் பங்கிடும்போதுதான் ஒரு நிறுவனத்தின் நெஞ்சம் வெளிப்படும். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதற்பாடங்களுள் ஒன்று இது: வகுப்பறைக்குள் நுழைந்ததும், கடைசி வரிசையில் யார் அமர்ந்திருக்கிறார் என்று பார், அவர் ஏன் அங்கே அமர்ந்தார் என்று கேள். பல்கலைக்கழகத்தை நடத்துவோருக்கும் அதே பாடத்தைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

விலையா, தேவையா?

இடம் போதவில்லை, என்செய்வது என்று நிர்வாகத்தார் கேட்பர். மெய்தான். ஒரு கார் நிற்கப் பன்னிரண்டு சதுர மீட்டர் அளவில் வேண்டும்; அது திரும்பவும் வெளியேறவும் பாதை விட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கார் என்றால், நூலகத்தை இடித்துத்தான் நிறுத்துமிடம் கட்ட வேண்டும். அதை எவரும் கேட்கவில்லை.

நிறுத்துமிடம் பற்றி ஆழ்ந்து ஆராய்ந்த கலிபோர்னியப் பேராசிரியர் டொனால்ட் ஷூப், 2005-இல் வெளியிட்ட தம் பெருநூலில், இலவச நிறுத்துமிடம் என்று ஒன்று உண்மையில் இல்லை, அதன் செலவை வேறு யாரோ சுமக்கிறார் என்று விளக்கினார். காரில்லாதவனும் அச்செலவைச் சுமக்கிறான் என்பது மறுக்க முடியாத உண்மை. ஆகவே இடத்துக்கு உரிய விலை வைக்க வேண்டும் என்றார் அவர். விலை மட்டுமே இடத்தைத் தீர்மானிக்கும் என்றால், நம் வளாகங்களில் பணமுள்ளவன் பிள்ளை நிழலிலும் லாரி ஓட்டுநர் பிள்ளை வெயிலிலும் நிற்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வறிஞர் சொன்னதில் இன்னொரு பாதியும் உண்டு: திரட்டிய பணத்தை அந்த இடத்தின் நன்மைக்கே திருப்பிச் செலவிட வேண்டும் என்பது. அந்தப் பாதியைத்தான் நம் நிர்வாகங்கள் படிக்க மறந்துவிடுகின்றன. சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1991-இலேயே மாணவருக்கும் ஊழியருக்கும் பேருந்துச் சீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கிக் காரின் நெருக்கடியைக் குறைத்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்துக்குள்ளே பேருந்துகள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. முதலில் மாற்று வழியைக் கொடு. பிறகு தடை போடு. இதுவே முறை. நாமோ தடையை முதலில் போட்டுவிட்டு, மாற்று வழிக்குக் குழு அமைக்கிறோம்.

முதலாண்டு மாணவர் வாகனம் கொண்டுவரலாகாது என்னும் விதி சில வளாகங்களில் உண்டு. 16 வயதில் மோட்டார் சைக்கிளும் 17 வயதில் காரும் ஓட்ட உரிமம் தருகிறது நாட்டுச் சட்டம். நாடு நம்பும் பிள்ளையைக் கல்விக்கூடம் நம்பவில்லை. விடுதியில் இடமளித்து, இரவிலும் பேருந்து ஓட்டி, அதன்பின் அப்படியொரு விதி செய்தால் அதில் பொருளுண்டு. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றோரே. அந்தக் கவலையால் தடை விதிக்கிறோம் என்றால் தலைவணங்குவேன். ஆனால் கவலை உண்மையென்றால், பேருந்து விடுவதில் அது தெரிய வேண்டும். தண்டச் சீட்டு எழுதுவதில் மட்டும் தெரிந்தால் போதாது.

என் வேண்டுகோள்கள் எளியவை. உடற்குறையுடையோருக்கும், தொலைவிலிருந்து வருவோருக்கும், ஆய்வுக்கூடத்திலோ நூலகத்திலோ இரவு வரை தங்கும் மாணவியருக்கும் அருகிலுள்ள இடத்தில் முன்னுரிமை தருக. இருட்டிய பின் ஒரு பெண்பிள்ளை தனியே குன்றிறங்கிப் போய் வண்டியெடுக்க வேண்டிய நிலை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பெருமை தராது. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். கூரையும் வெளிச்சமும் அவற்றுக்கு முதலில் அமைக்க. காலை பத்து மணிக்குப் பிறகும் காலியாய்க் கிடக்கும் தனியிடங்களைப் பொதுவாக்குக. தண்டமாய்த் திரண்ட தொகை எவ்வளவு, எங்கே செலவாயிற்று என்று ஆண்டுதோறும் வளாகத்துப் பலகையில் ஒட்டுக. தண்டம் கட்டாமைக்குத் தேர்வு முடிவைப் பிணை வைக்கும் வழக்கத்தை அறவே ஒழிக்க. வண்டி செய்த பிழைக்குக் கல்வியைச் சிறைப்பிடிப்பது எந்த நீதி?

நமக்கும் ஒரு சொல்

பிறரை மட்டும் சாடி நான் தப்பித்துக்கொள்ளலாகாது. மாணவர்களே, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தின் முன்னால் வண்டி நிறுத்துகிறீர்களே, அது எந்த ஏழ்மையின் விளைவு? நூறு அடி நடந்தால் காலியிடம் இருக்கும்போது, நண்பர்களோடு வாசலில் நிற்கவேண்டும் என்பதற்காகப் பாதையை அடைக்கிறீர்களே, அதற்கு நான் வாதாட மாட்டேன். உரிமை கேட்கும் கையில் ஒழுங்கும் இருத்தல் வேண்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும், ஊர் பார்க்கப் புதுக்கார் வாங்கி வாசலில் நிறுத்தும் வழக்கம் நம்மிடையே வளர்கிறது. தவணை ஒன்பது ஆண்டு வரை நீளும். படிப்பு முடிவது நான்காண்டில். கடன் முடிவது அதன் பின்னர் ஐந்தாண்டில். கல்விக் கடனும் அதன் மேல் ஏறிக்கொள்ளும். அக்கம்பக்கத்தார் இரண்டு நாள் பார்த்து வியப்பர். தவணையை நீங்களே கட்ட வேண்டும். தேவைக்கு வாங்கும் பழைய மோட்டார் சைக்கிளையும் பெருமைக்கு வாங்கும் புதுக்காரையும் ஒரே தராசில் வைத்து என்னை வாதாடச் சொல்லாதீர்கள். அந்த மேடையில் பேசிய பெரியவரும் இந்தப் புதுக்கார்களைப் பார்த்துத்தான் சினந்திருக்க வேண்டும். அவர் சினம் பொய்யன்று. அது தவறான ஆள்மேல் விழுந்தது, அவ்வளவே.

என் பள்ளி மரநிழல்

முடிவாக, என் கதையையும் சொல்லிவிடுகின்றேன். பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயர்ப் பலகைகளைக் கண்டு உள்ளம் கொதித்துத் திரும்பியவன், மறுநாள் காலை என் பள்ளிக்குள் காரை ஓட்டிச் சென்றேன். வழக்கமான இடத்தில், வாசலுக்கு அருகே, மழைமரத்தின் நிழலில் நிறுத்தினேன். இறங்கி நிமிர்ந்தபோது, "தலைமையாசிரியர்" என்று எழுதிய பலகை எதிரே நின்றது. பதினோராண்டாக நிற்கிறது. அதை நட்டவன் நான் அல்லேன். ஆனால் ஒருநாளும் அதைப் பற்றி எண்ணியவனும் அல்லேன். பள்ளியின் பின்புறத்தில், வேலியோரத்தில், பிள்ளைகளின் மிதிவண்டிகள் வெயிலில் கிடந்தன. பகல் ஒரு மணிக்கு அந்த இருக்கைகளைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

அன்றே பலகையைக் கழற்றினேன். மரநிழல் இப்பொழுது மிதிவண்டிகளுக்கு. துப்புரவுப் பணி செய்யும் அம்மாவின் மோட்டார் சைக்கிளும் அங்கேதான் நிற்கிறது. என் கார் வேலியோரத்தில் நிற்கிறது. மழை நாளில் குடை பிடித்து நடக்கிறேன். ஐம்பது வயது கடந்த முழங்கால் சற்று முணுமுணுக்கிறது. "தலைமையாசிரியருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். மரியாதை மரநிழலில் இருந்ததாக நான் அறியேன் என்றேன்.

அந்த மாணவன் படிப்பை ஒத்திவைக்கவில்லை. தண்டத்தைத் தவணையாகக் கட்ட அந்த அலுவலரே வழி செய்து தந்தார். நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர் ஒருவர் அமைந்ததனால் ஒரு மாணவன் தப்பினான் என்பது ஏற்பாடு ஆகாது; அடுத்த மாணவனுக்கு அப்படியொருவர் அமையாமற் போகலாம். ஆதலால்தான் விதியே நல்லதாக இருக்க வேண்டும் என்கின்றேன்.

துணைவேந்தர்களே, புலத்தலைவர்களே, உங்கள் கார்களைத் துறந்து நடந்து போங்கள் என்று யாரும் கேட்கவில்லை. காலியாய்க் கிடக்கும் அந்த நான்கு இடங்களையாவது கொடுங்கள். இருபத்து நான்கு மோட்டார் சைக்கிள்கள் மழைக்கு ஒதுங்கும்.